முகமும் முகமூடியும்: ‘300’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் சொன்னவை

கி.மு. 480ஆம் ஆண்டில் தெர்மோபிலே கணவாயில் பாரசீகப் பெரும்படையை மறித்து நின்று மடிந்த ஸ்பார்ட்டா வீரர்களின் கதையைச் சொல்லும் ‘300’ என்னும் திரைப்படம், 2007 மார்ச் 9 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. ஜாக் ஸ்னைடர் இயக்கிய இப்படத்தைப் பற்றிய கருத்துகள், பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்ற ஐயம் எழும் அளவுக்கு வேறுபட்டன. சுமார் 6.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் முதல் மூன்று நாள்களிலேயே வட அமெரிக்காவில் 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, உலகம் முழுவதும் 45 கோடி டாலரைத் தாண்டியது. விமர்சகர்களிலோ ஏறத்தாழ பத்துக்கு நால்வர் அதை ஏற்கவில்லை. வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே அது திரையிடப்பட்டபோதே, பத்திரிகையாளர் காட்சியில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்ததாகவும் பொதுக்காட்சியில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாகவும் செய்திகள் வந்தன.

இவ்வேறுபாட்டைச் சொந்த ரசனையின் வேறுபாடு என்று தள்ளிவிடுவதற்கில்லை. படத்தைக் கொண்டாடியவர், குறை கண்டவர், அதனால் புண்பட்டவர் ஆகிய மூவருமே திரையில் யாருக்கு முகம் தரப்படுகிறது, யாருடைய முகம் மறைக்கப்படுகிறது என்ற ஒரே கேள்விக்குத் தெரிந்தோ தெரியாமலோ விடை சொல்லிக்கொண்டிருந்தனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

படத்தின் மூலம் வரலாற்று நூல் அன்று. ஃபிராங்க் மில்லர் எழுதி வரைய, லின் வார்லி வண்ணம் தீட்ட, டார்க் ஹார்ஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட சித்திரக்கதையே அதன் மூலம். மில்லருக்கு இக்கதையின் மீது பற்று உண்டானது, சிறு வயதில் அவர் பார்த்த ‘தி 300 ஸ்பார்ட்டன்ஸ்’ என்ற 1962ஆம் ஆண்டுப் படத்தால். ருடால்ஃப் மாட்டே இயக்கிய அந்தப் பழைய படம் கிரேக்க நாட்டின் வெயிலில், கிரேக்கப் படையினரின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டது. ஸ்னைடரின் படமோ கனடாவின் மான்ட்ரியால் நகரில், ஏறத்தாழ முழுவதும் படப்பிடிப்புக் கூடத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டது. நடிகர்களுக்குப் பின்னால் ஒரே நிறத் திரையைக் கட்டிப் படம்பிடித்து, அந்த நிறத்தைக் கணினியில் நீக்கி, மலை, கடல், வானம் எல்லாவற்றையும் பின்னர் வரைந்து சேர்க்கும் முறை அது. நிழல்களை மேலும் கருக்கி, மற்ற நிறங்களை வற்றச் செய்து, செம்மையையும் பொன்னிறத்தையும் மட்டும் தூக்கிக் காட்டும் வண்ணச் சீரமைப்பும் அதனோடு சேர, சித்திரக்கதையின் பக்கங்கள் அப்படியே அசையத் தொடங்கியது போன்ற தோற்றம் கிடைத்தது.

படத்தை விரும்பியவர்கள் முதலில் சொன்னது இதைத்தான். அவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டிய காட்சி, முதல் நாள் போரில் ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸ் அணியைவிட்டு முன்னேறிப் பாரசீக வீரர்களை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்திச் செல்லும் நீண்ட காட்சி. வெவ்வேறு குவியத் தூரமுள்ள வில்லைகளைப் பொருத்திய மூன்று படக்கருவிகள் ஒரே திசையை நோக்கி ஒரே நேரத்தில் உயர்வேகத்தில் பதிவு செய்ததால், வெட்டு எதுவும் விழுந்ததாகத் தெரியாமல் காட்சி அருகே பாய்வதும் விலகுவதுமாக இருக்கிறது. வேல் பாயும் கணத்தில் காலம் ஏறத்தாழ நின்றுபோய், அடுத்த கணத்தில் விரைகிறது. சண்டைக் காட்சியை அதிர்வும் துண்டு துண்டான வெட்டுகளுமாகத் தருவதே வழக்கமாகியிருந்த அக்காலத்தில், யார் எங்கே நிற்கிறார், எந்தக் கை எந்த ஆயுதத்தைப் பிடித்திருக்கிறது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரியும்படி ஒரு போரைக் காட்டியது உண்மையான கைத்திறன்தான். இந்தப் பாராட்டை மறுக்க வேண்டியதில்லை. கணினி விளையாட்டுத் திரையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று முகம் சுளித்த விமர்சகர்கள், அக்குறையைச் சொன்ன வேகத்தில் இந்தத் தெளிவைக் காணத் தவறினர்.

வரலாற்றறிஞர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. கிரேக்கப் பெயர்களின் உச்சரிப்பு குறித்துப் படக்குழுவுக்கு ஆலோசனை சொன்ன கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பால் கார்ட்லெட்ஜ், ஸ்பார்ட்டாவின் வீர நெறியையும் அரசி கோர்கோவின் வழியே ஸ்பார்ட்டாப் பெண்களின் தலைமையான இடத்தையும் படம் காட்டியதைப் பாராட்டினார். போரை மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான மோதலாக இரு துருவப்படுத்தியதை ஏற்கவில்லை. அமெரிக்கப் போர் வரலாற்றறிஞர் விக்டர் டேவிஸ் ஹான்சன் படத்தைப் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதி ஆதரித்தார். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் எஃப்ரைம் லைட்டில், ஸ்பார்ட்டாச் சமூகத்தை இலட்சியமாக்கிக் காட்டிய முறை சிக்கலானது, மனத்தை உறுத்துவது என்று எழுதினார்.

பிழைப் பட்டியல் போடுவது எளிது. ஸ்பார்ட்டாவை ஒரே நேரத்தில் இரு அரசர்கள் ஆண்டனர். எஃபோர்கள் எனப்பட்ட ஐவர் குடிமக்களால் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகளே தவிர, படம் காட்டுவதுபோல் மலையுச்சியில் வாழும் நோயுற்ற பூசாரிகள் அல்லர். பாரசீகத் தூதர்களைக் கிணற்றில் தள்ளிய செய்தி பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டசின் நூலில் உண்டு என்றாலும், அது இப்போரை நடத்திய பாரசீக அரசன் செர்க்சசின் தந்தை டேரியசின் காலத்து நிகழ்ச்சி. கணவாயில் முதலில் நின்ற கிரேக்கர்கள் சுமார் 7,000 பேர். கடைசி நாளில் லியோனிடாசுடன் நின்றவர்களில் தெஸ்பியா நகரத்தார் 700 பேரும் தீப்ஸ் நகரத்தார் 400 பேரும் இருந்தனர். தெஸ்பியர்கள் தாமே விரும்பி நின்று கடைசி மனிதன் வரை மடிந்தவர்கள். படத்தின் இறுதிப் போரில் அவர்களுக்கு இடமே இல்லை. தெர்மோபிலேயில் 1955இல் லியோனிடாசுக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தின் அருகில் தெஸ்பியர்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழ 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இந்த மறதியைத் திரைப்படத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

இப்பட்டியலில் உள்ள பெரும்பாலானவை சிறு பிழைகள். கதைக்காகச் சுருக்கியதாகக் கொள்ளலாம். ஆனால் ஒன்று சிறியதன்று. படத்தில், வழியில் எதிர்ப்படும் ஆர்கேடியா நாட்டார், வெறும் 300 பேரையா அழைத்துவந்தாய் என்று வியக்க, லியோனிடாஸ் அவர்களில் மூவரிடம் தொழில் என்ன என்று கேட்கிறான். ஒருவன் குயவன், ஒருவன் சிற்பி, ஒருவன் கொல்லன். பிறகு தன் வீரர்களை நோக்கி அதே கேள்வியை எழுப்ப, அவர்கள் வேலை உயர்த்தி ஒரே குரலில் முழங்குகிறார்கள். உன்னைவிட அதிகப் படைவீரர்களை நான்தான் அழைத்து வந்திருக்கிறேன் என்று லியோனிடாஸ் முடிக்கிறான். திரையரங்குகளில் ஆரவாரத்தை எழுப்பிய காட்சி இது. பிற்பாடு விளையாட்டரங்குகளிலும் எதிரொலித்தது. அந்த 300 பேரும் வேறு தொழில் செய்யாமல் போர் ஒன்றையே பயில எப்படி முடிந்தது என்ற கேள்வியைக் காட்சி கேட்கவில்லை. அவர்களுடைய நிலத்தை உழுதவர்கள் ஹெலட்டுகள், அதாவது ஸ்பார்ட்டா அடிமைப்படுத்தி மண்ணோடு கட்டிவைத்த அண்டை மக்கள். தெர்மோபிலேயில் ஹெலட்டுகளும் செத்தார்கள். போர் முடிந்தபின் களத்தைப் பார்க்க வந்தவர்கள் அவர்களுடைய பிணங்களையும் ஸ்பார்ட்டர், தெஸ்பியர் பிணங்களாகவே எண்ணிக்கொண்டார்கள் என்று ஹெரோடோட்டஸ் எட்டாம் நூலில் குறிப்பிடுகிறார். மறு ஆண்டு பிளாட்டியாப் போருக்கு ஸ்பார்ட்டர் ஒருவருக்கு ஏழு ஹெலட்டுகள் என்ற கணக்கில் உடன் சென்றதாக அவரே எழுதுகிறார். விடுதலையின் பெயரால் பேசும் ஒரு படத்தில் அடிமைகள் ஒருவர்கூடத் தென்படாதது, வரலாற்றறிஞர்கள் சொன்ன குறைகளுள் கனமானது.

இக்குறைகளுக்கெல்லாம் படத்தின் தரப்பில் ஒரு வலுவான விடை உண்டு. கதை முழுவதையும் சொல்பவன் டிலியோஸ் என்னும் வீரன். ஒரு கண்ணை இழந்து, போரின் செய்தியை ஊருக்குச் சொல்லும்படி லியோனிடாசால் திருப்பி அனுப்பப்பட்டவன். அடுத்த ஆண்டு பிளாட்டியாவில் பெருங்கிரேக்கப் படையைத் தட்டியெழுப்புவதற்காக இக்கதையைச் சொல்கிறான். ஆகவே அரக்க உருவங்களும் பேருரு யானைகளும் எட்டடிச் செர்க்சசும் ஒரு படைவீரன் தன் தோழர்களுக்கு வெறியேற்றக் கட்டிய கற்பனை என்று ஸ்னைடர் விளக்கினார். இது தட்டிக்கழிக்கும் சாக்கு அன்று. கதையமைப்பிலேயே இருக்கும் உத்தி அது.

ஆனாலும் டிலியோசை அவனுடைய வரலாற்று நிழலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உத்தியின் எல்லை தெரிகிறது. ஹெரோடோட்டஸ் சொல்லும் அரிஸ்டோடீமஸ், கண்நோயால் களத்தில் நிற்க இயலாமல் ஸ்பார்ட்டாவுக்குத் திரும்பியவன். அதே நோயுற்ற அவனுடைய தோழன் கண் தெரியாத நிலையிலும் ஒரு ஹெலட்டின் கையைப் பிடித்துக்கொண்டு போர்க்களத்துக்குப் போய் மடிந்ததால், உயிரோடு வந்த அரிஸ்டோடீமசை ஊரே ஒதுக்கியது. அவனுக்கு நெருப்புத் தருவாரும் இல்லை, அவனோடு பேசுவாரும் இல்லை. பிளாட்டியாவில் அவன் அணியைவிட்டு வெறிகொண்டு பாய்ந்து செத்தபோதும், சாக விரும்பிச் செத்தவன் என்று சொல்லி ஸ்பார்ட்டா அவனுக்குச் சிறப்புச் செய்ய மறுத்துவிட்டது. இந்த மனிதனைக் கதைசொல்லியாக வைத்திருந்தால், ஸ்பார்ட்டாவின் பெருமையும் கொடுமையும் ஒரே வாயால் வந்திருக்கும். படம் அவனிடமிருந்து அவமானத்தை நீக்கிக் கௌரவத்தைக் கொடுத்தது. அதனால் கதைசொல்லியின் குரலை ஐயுறுவதற்குப் பார்வையாளருக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. டிலியோஸ் மிகைப்படுத்துகிறான் என்பதை உணர்ந்தவர்கள் தம் முயற்சியால் உணர்ந்தவர்கள்.

அப்படி உணர்ந்தாலும் ஆறாத காயம் ஈரானியருடையது. படம் வெளிவந்த வாரங்கள் பாரசீகப் புத்தாண்டான நவ்ரூசை ஒட்டியவை. ஈரானின் அணுத் திட்டம் தொடர்பாக ஐ.நா. பாதுகாப்பு அவை 2006 டிசம்பரில் ஒரு தடைத் தீர்மானத்தையும் 2007 மார்ச்சில் அடுத்ததையும் நிறைவேற்றிய காலமும் அதுவே. ஈரானியக் குடியரசுத் தலைவரின் கலை ஆலோசகர் ஜவாத் ஷம்கத்ரி இதனை ஈரானியப் பண்பாட்டின் மீதான உளவியல் போர் என்று கண்டித்தார். ஈரானின் கலை அகாதமி யுனெஸ்கோவிடம் முறையிட்டது. அரசின் கண்டனத்தை அரசியல் என்று ஒதுக்கலாம். ஆனால் அந்த அரசோடு எதிலும் ஒத்துப்போகாத, நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த ஈரானியர்களும் அதே வேதனையைத் தெரிவித்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இது சித்திரக்கதையைத் தழுவிய கற்பனைப் படைப்பு, எந்த இனத்தையும் இழிவுபடுத்தும் நோக்கமில்லை என்று வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் விடை சொன்னது.

நோக்கத்தை விட்டுவிட்டுத் திரையில் இருப்பதைப் பார்க்கலாம். பாரசீக அரசின் சிறப்புக் காவற்படையான ‘சாகாதோர்’, பத்தாயிரம் பேர் என்ற எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றதாக ஹெரோடோட்டஸ் சொல்கிறார். படத்தில் அவர்கள் வெள்ளி நிற முகமூடி அணிந்திருக்கிறார்கள். ஒரு முகமூடி கழலும்போது உள்ளே தெரிவது அரக்க முகம். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில், சூசா நகரின் அரண்மனையிலிருந்து எடுத்துவரப்பட்ட மெருகிட்ட செங்கல் சுவர் ஒன்று இருக்கிறது; அந்தக் காவற்படையினர் என்று பலராலும் கருதப்படும் வீரர்கள் அதில் வரிசையாக நிற்கிறார்கள். நீண்ட வண்ண அங்கி, தோளில் வில்லும் அம்பறாத்தூணியும், இரு கைகளாலும் நேராகப் பிடித்த ஈட்டி, சுருள் சுருளாக ஒழுங்கு செய்த தாடி, திறந்த முகம். அக்காலக் கிரேக்கக் காலாள் வீரனின் கொரிந்தியத் தலைக்கவசமோ கண்ணும் வாயும் தவிர முகம் முழுவதையும் மூடுவது. தம் ஸ்பார்ட்டர்களின் மார்புக் கவசத்தைக் களைந்ததும் தலைக்கவசத்தை அடிக்கடி கழற்றியதும் அவர்கள் அழகாகத் தெரியவும் யார் யார் என்று அடையாளம் தெரியவும்தான் என்று மில்லரே விளக்கியிருக்கிறார். ஆக, வரலாற்றில் வெண்கலத்துக்குள் மறைந்திருந்தவர்களின் முகம் வெளிப்பட்டது. திறந்திருந்த முகங்கள் வெள்ளிக்குள் மறைந்தன. ஈரானியப் பார்வையாளர்கள் கண்டு துடித்தது இதைத்தான்.

பகைவருக்கு முகம் தந்தால் வீரகாவியம் அமையாது என்று வாதிட்டவர்களுக்கு, அந்த நூற்றாண்டின் கிரேக்கர்களே விடை சொல்லியிருக்கிறார்கள். மாரத்தானில் பாரசீகரோடு போரிட்ட ஏஸ்கிலஸ், பாரசீகர் தோற்ற சலாமிஸ் கடற்போர் நடந்து எட்டே ஆண்டுகளில், கி.மு. 472இல் அரங்கேற்றிய ‘பாரசீகர்’ நாடகம், தோல்விச் செய்தி கேட்ட பாரசீக அரசவையின் துயரத்தை ஏதென்சு மக்களின் முன்னால் வைத்தது. ஹெரோடோட்டசின் செர்க்சஸ் கொடுங்கோலன்தான். லியோனிடாசின் தலையைக் கொய்து கம்பத்தில் செருகச் சொன்னவன். அதை எழுதும்போதே, வீரத்தோடு போரிட்ட பகைவரை மதிப்பதில் பாரசீகர் மற்றெல்லாரையும் விஞ்சியவர் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கடலும் கரையும் நிறைந்த தன் படையைப் பார்த்துப் பூரித்த செர்க்சஸ், இன்னும் நூறு ஆண்டில் இவர்களில் ஒருவரும் உயிரோடு இருக்கமாட்டார்களே என்று நினைத்துக் கண்ணீர் விட்டான் என்பதும் அவர் சொல்வதுதான். ரோட்ரிகோ சான்டோரோ ஏற்ற, மழித்த தலையும் உடலெங்கும் துளையிட்ட நகைகளுமாக நிற்கும் கடவுள்–அரசனிடம் இந்தக் கண்ணீருக்கு இடமில்லை. செர்க்சசின் மரபினரான அக்கெமெனிய அரசர்கள் தம் கல்வெட்டுகளில் தம்மை அஹுரமஸ்தா என்னும் கடவுளின் அருளால் ஆள்பவர்களாகச் சொன்னார்களே ஒழிய, கடவுளாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அரசியல் உவமையாகப் படத்தை வாசித்தவர்களின் கருத்துகள் ஆர்வமூட்டுபவை, அடிப்படை மெலிந்தவை. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த அவ்வேளையில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ் லியோனிடாசா செர்க்சசா என்று பன்னாட்டு நிருபர் ஒருவர் ஸ்னைடரிடமே கேட்டார். மேற்குலகின் போர்ப் பரப்புரை என்று பலர் சொல்ல, ஸ்லோவேனிய மெய்யியலாளர் ஸ்லாவோய் ஜிஜெக் நேரெதிராக வாதிட்டார்: சிறிய ஏழை நாட்டின் மீது பேரரசு படையெடுக்கிறது, தொழில்நுட்ப மிகுதி பாரசீகரிடம்தான் இருக்கிறது, எனவே அமெரிக்காவின் இடத்தில் நிற்பவன் செர்க்சசே. சித்திரக்கதை 1998இலேயே வந்துவிட்டதால், இரு வாசிப்புகளும் படைப்பாளிகளின் திட்டத்தைவிடப் பார்த்தவர்களின் காலத்தையே அதிகம் காட்டுகின்றன.

உடலைப் பற்றிய கருத்துகளுக்கு இதைவிட வலுவான அடிப்படை உண்டு. நடிகர்கள் பெற்ற கடும் பயிற்சி, படத்தின் பெயரிலேயே ஓர் உடற்பயிற்சி முறையாகக் கூடங்களில் பரவியது. அந்தக் கட்டுடல்களுக்கு எதிரே படம் நிறுத்துவது கூன் விழுந்த எஃபியால்டீசை. கேடயத்தை உயர்த்தித் தூக்க முடியாததால் அணியில் சேர்க்கப்படாதவன், பாரசீகருக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொடுக்கிறான். ஹெரோடோட்டசின் எஃபியால்டீஸ் மாலிஸ் நாட்டான், பரிசுக்கு ஆசைப்பட்டவன், அவன் உடல் ஊனமுற்றது என்ற குறிப்பே அங்கில்லை. உடற்குறையும் துரோகமும் ஒன்றாகக் கட்டப்பட்டதை மாற்றுத்திறனாளிகளின் தரப்பிலிருந்து எழுதியவர்கள் எதிர்த்தது முற்றிலும் நியாயம். ஏதென்சு மக்களைச் சிறுவரைக் காதலிப்போர் என்று லியோனிடாஸ் இகழ்வதை, சித்திரக்கதையை முன்னிட்டு அத்துறையின் பெரும் படைப்பாளி ஆலன் மூர் கண்டித்திருந்தார். அவ்வழக்கம் ஸ்பார்ட்டாவிலும் இருந்ததைப் பழைய நூல்களே சொல்கின்றன.

பின்னாளில் பிரான்சில் 2012இல் உருவான குடியேற்ற எதிர்ப்பு இளைஞர் இயக்கம் ஒன்று, படத்தில் ஸ்பார்ட்டர் கேடயத்தில் தெரியும் லாம்டா எழுத்தைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. இதற்குப் படக்குழு பொறுப்பாகாது. என்றாலும் முகமற்ற கீழைத்தேயக் கூட்டம், முகமுள்ள சிறுபடை என்ற அமைப்பு அவர்களுக்கு ஆயத்தமாகக் கிடைத்தது.

2014இல் நோம் மர்ரோ இயக்கத்தில் வந்த ‘300: ரைஸ் ஆஃப் அன் எம்பயர்’, முதல் படத்தின் மீதான விமர்சனத்தைக் கேட்டதுபோல் பாரசீகத் தரப்புக்குக் கதை கொடுக்க முயன்றது. அதில் டேரியஸ் மாரத்தானில் ஏதென்சுத் தளபதி தெமிஸ்டோக்கிளிசின் அம்பு பட்டு மடிகிறான். உண்மையில் அவன் மாரத்தானுக்கு வரவே இல்லை, இறந்தது கி.மு. 486இல். பார்த்தவர்கள் பலரும் படத்தின் உயிர் என்று சொன்ன ஆர்ட்டிமிசியாவாக ஈவா கிரீன் நடித்தார். ஹெரோடோட்டசின் சொந்த ஊரான ஹாலிகார்னசசின் அந்த அரசி, சலாமிசில் கடற்போர் வேண்டாம் என்று செர்க்சசுக்குத் துணிந்து அறிவுரை சொன்னவள், போருக்குப் பின்னும் உயிரோடு இருந்தவள். படத்திலோ அவள் கிரேக்கரைப் பழிவாங்கத் துடித்துப் போரைத் தூண்டி, தெமிஸ்டோக்கிளிசின் வாளில் சாகிறாள். பாரசீகத் தரப்புக்கு இரு படங்களிலும் கிடைத்த ஒரே முழு முகமும் இப்படி ஒரு கிரேக்கப் பெண்ணின் பழியுணர்ச்சியாகச் சுருங்கியது. இவ்விரு படங்களையும் ரசித்தவர்கள் ஹெரோடோட்டசின் ஏழாம், எட்டாம் நூல்களையும் ஒருமுறை படிக்க வேண்டும்; லியோனிடாசின் வீரம் அங்கே ஓர் இழையும் குறையவில்லை, எதிரே நிற்பவர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள்.